ஊசி கோணாமல் ஒரு பாட்டு

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் சிம் லிம் டவர் வரும். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், வயர், திருகாணி என்று ஒலி சம்பந்தப்பட்ட சாமான்கள் அங்கே கிடைக்கும். கடைக்குள் பாட்டுப் போட்டுக் காட்டும்போது தவில் நெஞ்சில் வந்து இடிக்கிறது. அதே ஸ்பீக்கரை ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு எடுத்துப்போய்ப் புல்தரையில் வைத்துப் பாருங்கள். பாடகரின் குரல் கேட்கும், தவிலைக் காணோம். சத்தத்தைக் கூட்டினால் குரல் கத்தலாகிறதே தவிர, தவில் திரும்பி வருவதில்லை. ஸ்பீக்கர் கெட்டுப்போகவில்லை. பிறகு அந்த இடி எங்கே போயிற்று?

இந்தப் புதிரின் கடினமான வடிவம் கடலில் இருக்கிறது. சாங்கியிலோ துவாஸிலோ செந்தோசாவிலோ கட்டிவைத்திருக்கும் 26 அடிப் பாய்மரப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பாதியில் குனிந்து நுழையும் ஓர் அறை. பின்பாதியில் காக்பிட், அதாவது நான்கைந்து பேர் எதிரெதிராக உட்கார்ந்து பாயையும் சுக்கானையும் கவனிக்கும் திறந்த குழி. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு வாசல். வாசலின் இருபுறமும் ஒரு முழ அகலத்துக்குத் தட்டையான இடம். ஸ்பீக்கர் வாங்கியவரின் கண் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான். காக்பிட்டைப் பார்த்தபடி இருக்கிறது, பின்னால் அறை, வயர் இழுப்பதும் சுலபம். ஆனால் அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார்: திசைகாட்டி.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதைப் பலரும் அழகு, வசதி சார்ந்த கேள்வியாக நினைக்கிறார்கள். பாய்மரப் படகில் அது முதலில் ஊசியைப் பற்றிய கேள்வி, அடுத்தது காதைப் பற்றியது. பாட்டு மூன்றாவதாகத்தான் வரும். எனினும் புரிந்துகொள்ளப் பாட்டிலிருந்து தொடங்குவதே எளிது.

ஒலி என்பது காற்றின் அழுத்த அலை. நம் ஊர் வெப்பத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் ஓர் அலை மூன்றரை மீட்டர் நீளம். 10,000 முறை அதிரும் கீச்சொலியின் அலை வெறும் மூன்றரை சென்டிமீட்டர். கடைக்குள் அந்த நீண்ட அலைகள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. திறந்த வெளியில் போனது போனதுதான். நீங்கள் கடையில் கேட்ட தவிலில் பாதிக்கு மேல் அந்த அறை கொடுத்தது. காக்பிட்டுக்குக் கூரையில்லை, பக்கச் சுவரும் முழங்கால் உயரம்தான்.

தாழ்ந்த ஒலிக்கு இன்னொரு எதிரி ஸ்பீக்கரின் முதுகுப்பக்கமே. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் விரித்த கையை விட்டு மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் அலை எழும்பாது. நீர் விரல்களைச் சுற்றி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நழுவிவிடும். சட்டென்று அடித்தால்தான் அலை. வெறும் ஸ்பீக்கரும் அப்படியே. வேகமான அதிர்வுகள் வெளியே போகின்றன. மெதுவானவற்றில் முன்பக்க அழுத்தம் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் கரைந்துவிடுகிறது. ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டியிருப்பது முக்கியமாக இதற்காகத்தான்: முன்னலையும் பின்னலையும் சந்திக்காதபடி பிரித்துவைக்க.

படகில் தனிப் பெட்டிக்கு இடமிருக்காது. காக்பிட் இருக்கைக்கு அடியில் கயிறும் மிதவையும் போட்டுவைக்கும் லாக்கர் இருக்கும். அதன் சுவரில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரைப் பதித்தால் லாக்கரே பெட்டியாகிவிடும். ஆனால் லாக்கரின் மூடி இறுக்கமாக மூடவேண்டும். வேறு வழியாக அது காக்பிட்டுக்கே திறந்திருந்தால் மறுபடியும் அதே நழுவல். உள்ளே கிடக்கும் கப்பியும் கைப்பிடியும் ஒவ்வொரு தாளத்துக்கும் கலகலக்கும். கூம்பின் முதுகில் ஈரக்கயிறு அழுத்தாமல் இருக்கப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி போடுவது நல்லது.

ஓட்டை போடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பல படகுகளின் மேல்தளமும் காக்பிட் சுவரும் கண்ணாடியிழைப் பலகை போலத் தெரிந்தாலும் அது மூன்று அடுக்கு. இரண்டு மெல்லிய கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரம். வட்ட ரம்பம் வெட்டிய விளிம்பில் அந்த மரம் வெளிறிய பழுப்பில் பஞ்சு பஞ்சாகத் தெரியும். அதை அப்படியே விட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திருகினால், திருகாணித் துளை வழியே கசியும் நீரை அந்த மரம் உறிஞ்சிக்கொள்ளும். வருடங்கள் கழித்துக் காலால் மிதிக்கையில் தளம் அமுங்கும்போதுதான் அது தெரியவரும். வெட்டிய விளிம்பிலிருந்து மரத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தை எபாக்ஸிப் பசையால் நிரப்பி, காய்ந்தபின்தான் ஸ்பீக்கர் உள்ளே போகவேண்டும். காகிதக் கூம்பு வேண்டாம்; நம் காற்றின் ஈரத்துக்கும் உப்புக்கும் அது தாங்காது. பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஊசி. ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் ஒரு வட்டக் காந்தம் இருக்கிறது. அதன் புலத்துக்குள் தொங்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போதுதான் கூம்பு அசைகிறது. காந்தப்புலத்தின் பெரும்பகுதி இரும்புத் தகடுகளுக்குள் அடங்கியிருக்கும். மிச்சம் வெளியே கசியும். பழைய பெட்டித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்துப் படத்தின் ஓரம் பச்சையும் ஊதாவுமாகத் திரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கசிவு தெரியும். திசைகாட்டி அதைவிட நுட்பமான கருவி. பூமியின் மெல்லிய காந்தப்புலத்தை மட்டுமே நம்பி நிற்பது அது. பக்கத்தில் இன்னொரு காந்தம் வந்தால், ஊசி இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத் திசையில் போய் நிற்கும். இதைத் திசைகாட்டி விலகல் என்கிறோம்.

ஒரு பேச்சுக்கு, உங்கள் ஸ்பீக்கரிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில் 4 மைக்ரோடெஸ்லா புலம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோடெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் சிறிய அலகு. சிங்கப்பூரில் பூமியின் புலம் தரைக்கு இணையாக ஊசியை இழுக்கும் பங்கு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. பத்துக்கு ஒன்று என்ற இந்தப் போட்டியில் ஊசி அதிகபட்சம் ஐந்தரை பாகைக்கு மேல் கோணிவிடும். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஊசியை நம்பி ஒரு கடல் மைல் போனால் 180 மீட்டருக்கு மேல் விலகியிருப்போம். நமக்குத் தெற்கே பிலிப் கால்வாயில் கடல்வழியே ஒன்றரைக் கடல் மைல் அளவுக்குக் குறுகிப்போகிறது. ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். ஜிபிஎஸ் மின்சாரத்தில் ஓடுவது, திசைகாட்டி அது இல்லாதபோதும் வேலை செய்வது. அதற்காகத்தான் படகில் அதை வைத்திருக்கிறோம்.

நல்ல செய்தி, காந்தப்புலம் தூரத்தோடு மிக விரைவாக வலுவிழக்கிறது. ஸ்பீக்கர் காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் அருகருகே இருப்பதால் தள்ளிப் போகப் போக ஒன்றின் விளைவை மற்றது அழிக்கிறது. தூரத்தை இரட்டித்தால் புலம் பாதியோ காலோ ஆவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடுகிறது. மேலே சொன்ன ஸ்பீக்கரை 80 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் விலகல் ஒரு பாகைக்கும் குறைவு. 26 அடிப் படகில் இன்னொரு 40 சென்டிமீட்டர் தேடிப்பிடிப்பது முடியாத காரியமில்லை.

இங்கே சிங்கப்பூருக்கு ஓர் இயற்கைச் சலுகை உண்டு. அதே ஸ்பீக்கர், அதே தூரம், படகு மட்டும் லண்டன் பக்கத்தில் இருந்தால் விலகல் பதினொரு பாகையைத் தாண்டும். பூமியின் காந்தப்புலம் மொத்தத்தில் லண்டனில்தான் அதிகம். ஆனால் அங்கே அது செங்குத்துக்கு நெருங்கிய சாய்வில், 66 பாகை அளவில் தரைக்குள் பாய்கிறது. ஊசியைத் திருப்பும் கிடைமட்டப் பங்கு 20 மைக்ரோடெஸ்லா அளவுதான் மிஞ்சுகிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே புலம் ஏறக்குறையப் படுத்திருக்கிறது. அதன் பலம் முழுவதும் ஊசிக்குக் கிடைக்கிறது. அந்தக் கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போவதால்தான் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே இருந்தாலும் காந்த நடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஊசியின் வடமுனை இங்கே 14 பாகை போல மேல்நோக்கி எழும்ப முயலும். ஐரோப்பியக் கடலுக்கென எடைபோட்டுச் சமன் செய்த திசைகாட்டியை வாங்கி வந்தால் அதன் தட்டு இங்கே சாய்ந்து நிற்கும். வாங்கும்போதே எந்த வட்டாரத்துக்கானது என்று கேட்பது அவசியம்.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? பொறுமையாக அளந்துதான். 1841இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் தொடங்கியது. உலகெங்கும் ஒரே காலத்தில் காந்தப்புலத்தை அளக்கும் பெருமுயற்சியின் ஒரு பகுதி அது. சென்னையிலும் சிம்லாவிலும் அதே வேலை நடந்தது. சிங்கப்பூர்க் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்ல்ஸ் மோர்கன் எலியட். 1845 வரை அங்கே எடுத்த வானிலைக் குறிப்புகள் 1850இல் சென்னையில் அச்சாயின. பிறகு அவர் நம் வட்டாரத் தீவுக்கூட்டங்களைச் சுற்றி அளந்த காந்தக் கணக்குகள் 1851இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தன. இன்று நம் கைப்பேசி நொடியில் காட்டும் எண்ணுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் பொதுவான இந்த அறிவியல் வரலாறு நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கண்ணுக்குத் தெரியும் திசைகாட்டியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. படகில் தானியங்கிச் சுக்கான் இருந்தால் அதற்கென்று ஒரு மின்னணுத் திசைகாட்டி, பெரும்பாலும் அறைக்குள் ஒரு பலகைக்கு அடியில், மறைவாக உட்கார்ந்திருக்கும். அறைக்குள் பொருத்தும் ஸ்பீக்கர் அதன் பக்கத்தில் போய்விட்டால் தானியங்கி தன் போக்கில் வளைந்து போகும். காரணமும் எளிதில் பிடிபடாது. வயரும் குற்றவாளியாகலாம். ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் போகும் ஒற்றை வயர், 20 சென்டிமீட்டர் தள்ளி 5 மைக்ரோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். நாம் கணக்குப் போட்ட ஸ்பீக்கரைவிட இது அதிகம். போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். செலவில்லாத வைத்தியம் இது.

இனி காது. கடலில் கப்பல்கள் மோதாமல் இருக்க வகுத்த பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கலமும் கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. 200 மீட்டருக்கு மேற்பட்ட பெருங்கப்பலின் ஊதுகுழல் நொடிக்கு 70 முதல் 200 அதிர்வுகளுக்குள் ஒலிக்கவேண்டும். இரண்டு கடல் மைல் தூரம் கேட்கவேண்டும். உங்கள் போக்கு எனக்குப் புரியவில்லை என்று எச்சரிக்க அது ஐந்து முறையாவது குட்டையாக ஊதும். இப்போது நம் பாட்டுக்கு வாருங்கள். பேஸ் கிடாரும் டிரம்ஸின் அடித்தாளமும் தவிலின் தொப்பிப் பக்கமும் ஒலிப்பது பெரும்பாலும் அதே 70 முதல் 200 வரையில்தான். சிங்கப்பூர் நீரிணையில், மழை மறைத்துக்கொண்டு வரும் ஒரு சுமத்ராக் காற்றின்போது, எந்தக் குரல் கேட்டால் உயிர் பிழைப்போமோ அந்தக் குரலின் இடத்தில் நாம் தாளத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

ஓர் ஒலி இன்னோர் ஒலியைக் காதில் கேட்கவிடாமல் செய்வதை ஒலி மறைப்பு எனலாம். அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்து ஆய்வர்கள் வேகலும் லேனும் 1924இல் இதை அளந்து வெளியிட்டார்கள். காதில் ஒரு சுத்தமான ஒலியை வைத்துக்கொண்டு, அதோடு இன்னொன்றை எவ்வளவு கூட்டினால் கேட்கத் தொடங்குகிறது என்று படிப்படியாகக் குறித்தார்கள். பலத்த தாழ்ந்த ஒலி, தன்னைவிட உயர்ந்த ஒலிகளை எளிதாக மறைக்கிறது. உயர்ந்த ஒலியால் தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்க முடிவதில்லை. அதாவது காக்பிட்டில் அதிரும் தாளம் பெருங்கப்பலின் ஊதலை மட்டுமல்ல, சிறு படகின் உயர்ந்த ஊதலையும், பக்கத்தில் இருப்பவர் கயிற்றை விடு என்று கத்துவதையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஆகவே கடலுக்குப் போன தவிலைத் தேடி சப்வூஃபர் வாங்கி வைப்பது வேண்டாத வேலை என்பது என் தீர்ப்பு. காற்றில் ஓடும் படகில் காது மடலில் காற்று மோதி எழுப்பும் இரைச்சலே தாழ்ந்த ஒலியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நம் மூளையும் கைகொடுக்கிறது. அடிநாதம் காதுக்கு எட்டாவிட்டாலும் அதன் மேற்சுரங்கள் எட்டினால் போதும், எந்தச் சுருதி என்று மூளை கண்டுபிடித்துக்கொள்ளும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 அதிர்வுகள் வரை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலும் நாகசுரம் தனித்துக் கேட்கக் காரணம், அதன் மேற்சுரங்களின் பலம் அந்த வட்டாரத்தில் சேர்ந்திருப்பதுதான். குரலை முன்னால் நிறுத்திப் பதிவு செய்த பழைய பாட்டுகள் சிறிய ஸ்பீக்கரிலும் கடலில் நன்றாக ஒலிப்பதற்கும் அதுவே காரணம்.

காதுக்கு எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பது இன்னும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் திறன் காலாகக் குறைகிறது. ஒரு மீட்டரில் வைத்துக் கேட்கும் அதே அளவை நான்கு மீட்டர் தள்ளி வைத்துக் கேட்க வேண்டுமென்றால் பதினாறு மடங்கு திறன் கொட்டவேண்டும். உங்கள் காதுக்கு வித்தியாசமில்லை. ஆனால் லாசரஸ் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுத் தூங்கும் அடுத்த படகுக்காரரின் காதில் பதினாறு மடங்கு திறன் போய் விழும். தண்ணீர்ப் பரப்பு ஒலியை உறிஞ்சாது. இரவில் நீருக்கு மேலே குளிர்ந்த காற்று படிந்திருந்தால் மேலே போகும் ஒலியும் வளைந்து கீழே வரும். பெரிய ஒலிபெருக்கியை எட்ட வைப்பதைவிடச் சிறியதைக் கிட்ட வைப்பதே எல்லாருக்கும் நல்லது. நம் ஊரே இந்த வழியைக் கண்டறிந்திருக்கிறது: 1970களில் இங்குள்ள பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உள்நோக்கித் திருப்பப்பட்டன, பாங்கு வானொலி வழியே வீட்டுக்குள் வந்தது. கேட்கவேண்டியவருக்கு அருகே, வேண்டிய அளவு மட்டும்.

அப்படியானால் இடம் எது? காக்பிட்டின் பக்கச் சுவர்களில், இருக்கையின் முதுகு உயரத்தில், வாசல் சுவரிலிருந்து சுக்கான் பக்கமாகத் தள்ளி, இருபுறமும் ஒன்றொன்று. காலடியில் வேண்டாம், அங்கே முழங்கால் மறைக்கும், தண்ணீரும் தேங்கும். இருபுறமும் ஏன் என்றால், பாய்மரப் படகு ஓடும்போது சாய்கிறது. எல்லாரும் காற்று வரும் பக்கம் ஏறி உட்காருகிறார்கள். அவர்கள் முதுகு அந்தப் பக்க ஸ்பீக்கரை மறைத்துவிடும். எதிர்ப்பக்கத்தில் தாழ்ந்திருக்கும் ஸ்பீக்கர்தான் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பாடும். படகு திரும்பியதும் இடம் மாறும். இப்படி மாறி மாறி ஒன்றையே கேட்பதால் இடம் வலம் பிரித்த ஸ்டீரியோவுக்கு இங்கே பொருளில்லை. வலப்பக்கம் வயலினும் இடப்பக்கம் குரலுமாகப் பதிந்த பாட்டில் பாதி காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ என்று மாற்றி, இரண்டுக்கும் ஒரே பாட்டை அனுப்புங்கள். சத்தக் குமிழ் சுக்கான் பிடித்திருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஊதல் சந்தேகம் வந்தால் அவர்தான் உடனே குறைக்க வேண்டியவர்.

ரம்பத்தை எடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். இரும்பில்லாத மர மேசையின் நடுவே ஒரு சாதாரணக் கைத் திசைகாட்டியை வையுங்கள். கைப்பேசி வேண்டாம், அது தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். ஊசி நின்றபின், ஸ்பீக்கரைக் கிழக்கிலிருந்து மெல்ல நகர்த்தி வாருங்கள், முகம், முதுகு, விளிம்பு என்று திருப்பிப் பார்த்தபடி. ஊசி ஒரு பாகை அசையும் தூரத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதற்குள் எந்தத் திசைகாட்டியும் இருக்கக் கூடாது. பிறகு படகில், தேர்ந்தெடுத்த இடத்தில் ஸ்பீக்கரை ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, பாட்டையும் போட்டு, ஊசியைப் பாருங்கள். படகின் முகத்தைக் கால் வட்டம் திருப்பி மறுபடி பாருங்கள். ஸ்பீக்கரும் படகோடு சேர்ந்து திரும்புவதால் ஒரு திசையில் தெரியாத விலகல் இன்னொரு திசையில் தெரியும். இரண்டிலும் ஊசி கோணவில்லை என்றால் துளை போடலாம்.